வாங்கிக்கொள்ள ஓர் ஆள்

அவருடைய பெயர் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. வருடக்கணக்கில் ஒரே பெட்டியில் போய்வந்தவரின் பெயர்கூடவா தெரியாது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். கேட்கத் தோன்றவே இல்லை. சீசன் டிக்கெட்டில் வருகிறவர்களில் மூத்தவர், அதனால் சீசன் அக்கா. என் கைபேசியில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியின் வாசல் பக்க இருக்கை அவருடையது. சென்னையில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. ஒல்லி உடம்பு, வெளுத்த பருத்திப் புடவை, வெயிலோ மழையோ பையில் ஒரு குடை. அவருடைய அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைத்தவர். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு, மலைக்குப் போகும் தெருவில் ஒரு சின்ன போர்ஷனில் தனியாக இருந்தார். வீட்டில் பேசியிருக்கக்கூடிய தமிழ் ரயிலில் தேய்ந்துபோய், அரக்கோணத்துப் பெண்களோடு சேர்ந்து 'வந்துகினு, போய்கினு' என்று ஆகிவிட்டிருந்தது. கோபம் வந்தால் மட்டும் பழைய பேச்சு எட்டிப் பார்க்கும். தன் எலுமிச்சை சாதத்தை எல்லோருக்கும் கொடுப்பார். எங்கள் டப்பாவிலிருந்து ஒரு பருக்கை தொட மாட்டார். மடப்பள்ளி வீட்டுப் பழக்கம் என்று நாங்களும் வற்புறுத்துவதில்லை.

அக்காவுக்கு ஒரு வேலை இருந்தது. யாரும் கொடுத்ததல்ல, அவராக எடுத்துக்கொண்டது. சென்னைக் கல்லூரிகளுக்குப் போகும் எங்களைக் காலையில் வீட்டாரிடமிருந்து வாங்கிக்கொள்வார். மாலையில் அதே பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருத்தியையும் வீட்டு ஆளின் கையில் கொடுப்பார். கையில் என்றால் நிஜமாகவே கையில். எங்கள் மணிக்கட்டைப் பிடித்து அப்பாவின் கையிலோ அண்ணனின் கையிலோ வைத்துவிட்டு, "கைல குடுத்துட்டேன்" என்பார். வாங்குகிறவர் "வாங்கிக்கினேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை விடமாட்டார். அரக்கோணத்துப் பையன்கள் எங்கள் பெட்டிக்குப் பார்சல் வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டால் வெட்கமாக இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

ஒரு தடவை எங்களில் ஒருத்திக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஆசையாக ஒரு மாலையில் புல்லட்டில் வந்து பிளாட்பாரத்தில் நின்றார். அவள் முகமெல்லாம் சிரிப்பு. அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கட்டிக்கப் போறவர்தான். இன்னும் கட்டலியே" என்று சொல்லிவிட்டு, அவளுடைய அப்பாவுக்கு போன் போட்டார். பொதட்டூர்பேட்டையிலிருந்து அவர் பஸ் பிடித்து வரும்வரை மாப்பிள்ளைக்கு எலுமிச்சை சாதம் கொடுத்து உட்கார வைத்திருந்தார். பிறகு அப்பா கையில் பெண்ணைக் கொடுக்க, அவர் அங்கேயே அவளை மாப்பிள்ளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அக்காவுக்கு அது முழுத் திருப்தி.

எங்கள் ஊர்ப் பக்கம் யார் வீட்டுப் பெண் படிக்க எதுவரை போகலாம் என்பதை மதிப்பெண் முடிவு செய்வதில்லை. மலைக்கோயிலைச் சேர்ந்த வீட்டுப் பெண்கள் மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ மாமா வீட்டில் தங்கிப் படிப்பார்கள். ஹாஸ்டல் சாப்பாடு ஆகாது. நிலம் வைத்திருக்கும் வீடுகளில் அப்படி இல்லை. பெட்டியைக் கட்டி ஹாஸ்டலில் போட்டுவிட்டு, அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். உருது பேசும் வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்துக்குமேல் போக மாட்டார்கள். தறி வைத்திருக்கும் தெலுங்கு வீடுகள் எங்களுடையவை. எங்கள் பெண்கள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், இரவு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வயதுக்கு வந்த பெண் வேறு கூரைக்குக் கீழே தூங்கும் முதல் இரவு மாமியார் வீட்டில்தான் என்பது எங்கள் வீடுகளில் பேசாமலே ஏற்றுக்கொண்ட சட்டம். என் அண்ணன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி, படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு வந்தான். அதைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள் ஒருத்தி உண்டு. கனகம்மாசத்திரம் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். சென்னையில் அரசு ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். விடுமுறைக்கு மட்டும் எங்கள் ரயிலில் வருவாள். முதல் தடவை அக்கா வழக்கம்போல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்டார்.

"யாரும் வர மாட்டாங்கக்கா. ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து நான் ஆஸ்டல்தான். எனக்கு வூட்ல படுத்தாதான் தூக்கம் வராது" என்றாள் அவள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. எங்களையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, அவளோடு பஸ் நிலையம்வரை நடந்தார். சத்திரம் போகும் பஸ்ஸின் கண்டக்டரை இறங்கச் சொல்லி, அவர் கையில் அவளைக் கொடுத்தார். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல், டிக்கெட் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு "வாங்கிக்கினேன்" என்றாராம். அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் அவராகவே பஸ் வாசலில் எட்டிப் பார்த்து, நம்ம பொண்ணு வந்துச்சா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பட்டப்படிப்பு முடிந்தபோது புனேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்தது. நான் விரும்பிய பாடம், கட்டணமும் இல்லை. மின்சார ரயிலில் போய்வர முடியாத ஊர் என்பதுதான் அதிலிருந்த ஒரே கோளாறு.

நைனா, அதாவது என் அப்பா, வந்த கடிதத்தைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை. முன்பக்கம் தறி ஓடும் கொட்டகை, பின்பக்கம் நாங்கள் இருக்கும் வீடு. அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம், படித்தோம், சண்டை போட்டோம். யார் வந்தாலும் போனாலும் நைனா தறியை நிறுத்த மாட்டார். சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூடக் கத்தித்தான் பேசுவார். மின்சாரம் போனால்தான் எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் சரியாக விழும். என்னிடமும் அப்படியே, லுங்கிப் பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டே, எங்க எனத்துல அந்தப் பழக்கம் இல்ல என்று கத்திவிட்டு அடுத்த தறிக்குப் போய்விட்டார். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. அம்மா என்னோடு சேர்ந்து அழுதாள், ஆனால் அவளும் போ என்று சொல்லவில்லை.

விஷயம் பெட்டிவரை போய் அக்காவுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டைக்கு வந்துவிட்டார். எனக்கு ஆதரவாகப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை. எங்களை இத்தனை வருடம் இரவுக்குள் வீடு சேர்த்தவர் அவர்தானே. நைனாவும் அதையே நினைத்திருக்க வேண்டும், உற்சாகமாக ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

தறிச் சத்தத்துக்கு மேல் அக்காவும் கத்தித்தான் பேசினார்.

"எனக்கும் ஒரு சீட் கெடச்சிதுங்க. தஞ்சாவூர்ல, டீச்சர் ட்ரெய்னிங். அப்பா போவேணாம்னு சொல்லல. கொண்டுபோய் வுட ஆளில்ல. மடப்பள்ளிய வுட்டு அவரால ஒரு நாள் நகர முடியாது. சாமிக்கு யார் சமைப்பா? கூடப் பொறந்தவங்களும் இல்ல. ஆள் பாத்துகினு இருக்கறப்பவே தேதி போயிடுச்சி. உங்க பொண்ண நான் கொண்டுபோய் வுடறேன்."

நைனா இழையை முடிவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அங்க யார் கைலங்க குடுப்பீங்க? நம்ம ஜனம் ஒருத்தர்கூட இல்லாத ஊரு."

"போய்ப் பாக்கறேன். குடுக்கற மாதிரி ஒரு கை இருந்தா குடுப்பேன். இல்லன்னா இதே கையோட திரும்பக் கூட்டிகினு வந்துடறேன். ரெண்டு பேருக்கும் சேத்தே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துடலாம்."

நைனா கையிலிருந்த இழையை முடிந்து முடித்தார். பிறகு ஆங் என்று தலையை ஆட்டிவிட்டு, தறிக்குப் போனார். எனக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. போகலாம் என்று ஆகிவிட்டது, இருக்கலாம் என்று இன்னும் ஆகவில்லை.

கிளம்பும் நாளில் அம்மா ஒரு காரியம் செய்தாள். எங்கள் வீடுகளில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அவள் மடியில் அரிசி, மஞ்சள், வெல்லம், தேங்காய் வைத்துக் கட்டி அனுப்புவார்கள். ஒடி பிய்யம் என்று பெயர். போன இடத்தில் அந்த அரிசியைப் பொங்கி, அங்கே இருப்பவர்களோடு சாப்பிட வேண்டும். கல்யாணம் ஆகாதவளுக்கு அதைக் கட்டுவது முறையே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியம்மா, மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்கு எதுக்குடி மடியரிசி என்று நேராகவே கேட்டாள். பெண்ணை வெளியே அனுப்ப அம்மாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே என் துப்பட்டாவில் அரிசியை முடிந்தாள். அரக்கோணத்தில் மும்பை போகும் ரயிலில் ஏறி, அந்த முடிச்சோடுதான் புனேயில் இறங்கினேன்.

அந்த ஹாஸ்டலில் அன்று இந்தியாவே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பஞ்சாபிப் பெண்ணுக்கு மெத்தையை அவளுடைய அப்பா தலையில் தூக்கிவந்தார். ஒரு குஜராத்தி வீடு வேன் நிறைய வந்து, வராந்தாவில் உட்கார்ந்து ஊறுகாய் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரு கை தேடி நடந்தார். வார்டன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார், கையெழுத்துக்கு மட்டும் விரல் வெளியே வந்தது. அந்த விரலில் என்னைக் கொடுக்க அக்காவுக்கு மனமில்லை. காவலாளியிடம் பேசிப் பார்த்தார், அவர் நல்லவர்தான், ஆனால் அடுத்த வாரம் வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம். சென்னைப் பெண் ஒருத்தி சீனியர் என்று தெரிந்து எனக்கு உயிர் வந்தது. அக்கா அவள் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, "நகத்துக்குக் கலர் காய வெச்சிகினே எம்மூஞ்சியப் பாக்காம பேசறா" என்றார். மத்தியானம் ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே திரும்பும் ரயில். டிக்கெட் இரண்டு பேருக்கு இருக்கிறது.

சோர்ந்துபோய் எனக்கு ஒதுக்கிய அறைக்கு வந்தோம். உள்ளே ஒரு பெண் தனியாகக் கட்டிலுக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள். மிசோரத்திலிருந்து வந்தவள், பெயர் மாவி. ஒரு பெட்டி, ஒரு கிதார், வேறு ஒன்றும் இல்லை. அக்கா ஆபீஸ் இங்கிலீஷில் யார் கூட்டிவந்தார்கள் என்று கேட்டார். அவள் சாதாரணமாக, யாரும் இல்லை என்றாள். அவள் ஊரில் படிக்கக் கிளம்புகிறவர்களை வழியனுப்ப ஜீப் நிற்கும் இடத்துக்குச் சர்ச் ஜனம் முழுக்க வருமாம். பாட்டுப் பாடி, ஜெபம் செய்து அனுப்புவார்களாம். ஜீப்பிலிருந்து ரயில், ரயிலிலிருந்து இன்னொரு ரயில், எல்லாம் தனியாகத்தான். எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான் போவோம் என்று சிரித்தாள்.

அக்கா அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் தமிழில் சொன்னார்.

"அனுப்ப ஊரே இருந்துருக்கு. வாங்கிக்க ஆளில்லியேடி இந்தக் கொழந்தைக்கு."

பிறகு என் மணிக்கட்டைத் தூக்கி மாவியின் கையில் வைத்தார். நான் பதறிப்போனேன். யாரென்றே தெரியாதவள், நம் பாஷைகூட இல்லை என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்தது, பழைய பேச்சும் கூடவே வந்தது. "என்னடி பேசிண்டிருக்கே? அத்தனை தூரம் தனியா வந்து சேர்ந்தவ இவ. இவ கையவிட வேற எந்தக் கையைத் தேடறது?"

மாவிக்குப் புரியவில்லை, ஆனாலும் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் விளக்கியதும், அக்கா சொல்லிக்கொடுத்தபடி "வாங்கிக்கினேன்" என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அக்கா அதோடு விடவில்லை. அவளுடைய இன்னொரு கையைத் தான் பிடித்துக்கொண்டு, அவள் அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார். எங்கோ ஒரு மலையில் இருந்த அந்த அம்மாவிடம் அக்கா தமிழில் பேசினார். உங்க பொண்ணு வந்து சேந்துட்டா, நான் வாங்கிக்கினேன், கவலைப்படாதீங்க என்றார். அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் மிசோவில் நிறையப் பேசியது. இவர் ஆங் ஆங் என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் பேசியது ஒருவருக்குத் தெரியாது, ஆனால் போனை வைக்கும்போது இரண்டு பக்கமும் அழுகை. மாவியும் அழுதாள். அதுவரை அவள் அழாமல் இருந்தாள் என்பதே அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மடியரிசி பாக்கி இருந்தது. அறையில் அடுப்பு கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அக்கா துப்பட்டா முடிச்சைத் தூக்கிக்கொண்டு மெஸ் சமையலறைக்குப் போனார். மடப்பள்ளிக்காரர் மகள், அடுப்பைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. மராத்திச் சமையல்காரம்மா ஓர் அடுப்பை விட்டுக்கொடுத்து, நெய்யும் கொடுத்தார். அம்மா வைத்த வெல்லத்தையே போட்டுப் பொங்கல் வைத்தார் அக்கா. மாவி, சமையல்காரம்மா, விரல் மட்டும் காட்டிய வார்டன்கூட சாப்பிட்டார்கள். அம்மா முறை தெரியாமல் செய்ததல்ல அது என்று எனக்கு அப்போது தோன்றியது.

சாயங்காலம் நானும் மாவியும் ஸ்டேஷனுக்குப் போனோம். என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். இறங்குங்கோ, இறங்குங்கோ என்று எங்களை விரட்டினார். ரயில் நகர்ந்தபோதுதான், பக்கத்தில் யாருமில்லாமல் அவரை நான் முதல்முதலாகப் பார்த்தேன். தினமும் எங்களைக் கொடுத்து முடித்தபிறகு, அந்தத் தண்ணீர்க் குழாயிலிருந்து மலைத் தெருவுக்கு அவர் எப்படிப் போவார் என்று நாங்கள் ஒருத்தியும் திரும்பிப் பார்த்ததில்லை.

நைனாவுக்கு போன் செய்தேன். மாவியைப் பற்றிச் சொன்னேன், அக்கா என்னைக் கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். தறிச் சத்தத்தில் எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. "அக்கா தனியா வந்துகினு இருக்காங்க நைனா. யாராவது ஸ்டேஷனுக்குப் போங்க" என்று கடைசியாகக் கத்தினேன். போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் நைனாவே கூப்பிட்டார். அவராக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. காலையிலேயே போய்த் தண்ணீர்க் குழாய்கிட்ட நின்றாராம். அக்கா இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டு, "வாங்கிக்கினேன்" என்றாராம். அக்கா குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாராம். நைனா அவரைத் தன் டி.வி.எஸ்ஸில் மலைத் தெருவரை கூட்டிப்போனாராம்.

"வூட்டாண்ட போய் நின்னா பூட்டு தொங்குதும்மா. உள்ள ஆளில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போனேன். யார் கைல குடுக்கறது? மனசு கேக்கல. நம்ம வூட்டுக்கே கூட்டிகினு வந்து உங்கம்மா கைல குடுத்துட்டேன்."

"சாப்ட்டாங்களா நைனா?"

"ஆங். உங்கம்மா போட்டா. சாப்ட்டாங்க."

நைனா மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் தெளிவாகக் கேட்டது. வாசலில் ஒரு பஸ் போவதுகூடக் கேட்டது. எனக்கு என்னவோ போல இருந்தது. அங்கே கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன்.

"கரண்ட் இருக்குது" என்றார் நைனா. "தறிய நிறுத்தி வெச்சிருக்கேன். அக்கா தூங்கறாங்க."